எப்ப நடப்பான்?

எனக்கு அடிபட்ட புதிதில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மையிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்ப நடப்பான்?" அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள் கேட்டார்கள், பங்குச் சாமியார் கேட்டார், கோச்சும் கேட்டார். மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா, முதுகில் புண் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தண்டுவடம் அடிபட்டவனின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை அந்த இரண்டும். கால் ஓடாமல் பல பத்தாண்டுகள் வாழலாம். சிறுநீரகம் கெட்டால் வாழ முடியாது.

நான் நீரோடிக்காரன். எங்கள் கரை முடிகிற இடத்தில் கேரளத்தின் பொழியூர் தொடங்குகிறது. தூத்தூர், பொழியூர், பூந்துறை என்று இந்தக் கடற்கரை முழுக்க மணலில் பந்து உதைத்தே பையன்கள் வளர்கிறார்கள். மாநில அணிகளின் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபிக்கு ஆட்களை அனுப்பிப் பேர் வாங்கிய ஊர் பொழியூர். 2018-ல் கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தைப் பெனால்ட்டியில் வென்ற கேரள அணியிலும் அந்த ஊர்க்காரர் சீசன் இருந்தார். எனக்கும் பந்தை வைத்தே திருவனந்தபுரத்தில் பிளஸ் ஒன்னில் இடம் கிடைத்தது. நான் சென்டர் பேக். கார்னர் பந்துக்கு எம்பியபோது, காற்றில் இருக்கையிலேயே கீழே ஒருவன் இடித்தான். தலைகுப்புற விழுந்தேன். கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் நசுங்கியது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன, விரல்களில் பலமில்லை, நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை, இப்போதுதான் அடிபட்டுக் கிடக்கிற ஒரு பையனையும் அவன் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மைதானத்தில்

முதலில் கோச்சுகளுக்கு. விழுந்தவன் கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது, அசைக்க முடியவில்லை என்று சொன்னால் தூக்காதீர்கள். உட்கார வைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வாந்தி வந்து திருப்பியே ஆகவேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து, தலையும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி உருட்ட வேண்டும். பாசத்தில் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவதில்தான் பாதிக் காயம் முழுக் காயமாகிவிடும். பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டம் நடத்துகிறவர்கள் கோப்பைக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை ஒரு கெட்டியான ஸ்ட்ரெச்சருக்கும் கழுத்துப் பட்டைக்கும் ஒதுக்கலாம்.

விதியாலும் கழுத்தைக் காப்பாற்றலாம். அமெரிக்கர்களின் ஃபுட்பாலில் தலையால் முட்டித் தடுப்பதை 1976-ல் தடை செய்தார்கள். அதன்பின் கழுத்து முறிந்து முடங்கும் மாணவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நம் ஆட்டத்தில், எம்பியவனின் அடியில் புகுந்து இடிப்பவனுக்கு ரெஃப்ரி கண்டிப்பாகக் கார்டு காட்ட வேண்டும்.

நடப்பதைப் பற்றி

முதல் சில வாரங்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். எவ்வளவு திரும்பும் என்று அப்போது எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் வந்துவிடும். பிசியோதெரபியை ஒருநாளும் விடக்கூடாத காலம் அது.

அதே காலத்தில்தான் ஸ்டெம்செல் ஊசி விற்பவர்களும் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றால் கட்டுகிற அளவுக்குத் தொகை சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர மற்ற ஸ்டெம்செல் சிகிச்சைகள் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சியில் சேருகிற நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது விலை சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அந்தப் பணம் நல்ல வீல்சேருக்கும் குளியலறையை அகலமாக்குவதற்கும் வேண்டும்.

நடைப்பயிற்சி ரோபோக்கள் வேறு கதை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இயங்கும் ஜென்ரோபோடிக்ஸ் ஜி-கெய்ட்டர் என்ற இயந்திரத்தைச் செய்கிறது. கொஞ்சம் அசைவு மிச்சமிருப்பவர்களுக்கு இத்தகைய பயிற்சி உதவலாம். போவதற்கு முன், 'என் காயத்துக்கு இதில் என்ன கிடைக்கும்?' என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

மூத்திரம்

வெட்கப்படாமல் பேச வேண்டிய இடம் இது. முழு நேரமும் டியூபும் பையுமாக இருந்தால் தொற்று விடாது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய கதீட்டரை நுழைத்து, மூத்திரத்தை வடித்துவிட்டு எடுத்துவிடுவதே பெரும்பாலானவர்களுக்குச் சிறந்த முறை. இதற்கு ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குச் சுத்தம் வேண்டியதில்லை, சோப்பால் கழுவிய கை போதும் என்று 1972-ல் காட்டியவர் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர். ஒரு தடவைக்கு ஐந்நூறு மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. அதற்கேற்பத் தண்ணீர் குடிப்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பதினாறு வயதில் இதை அம்மை செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். வார்டில் இருந்த ஒரு மலையாளி நர்ஸ்தான் மாற்றினார். "மோனே, இது நீ தன்னே படிக்கணும். அம்ம எப்போழும் கூடெ உண்டாவில்லா." விரல் மடங்காதவனுக்கு எப்படி என்று கேட்டேன். மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாக உள்ளே மடங்கும். அந்தப் பிடியில் கதீட்டர் நிற்கும் என்று காட்டினார். அன்றுமுதல் நான் தனியாகப் பேருந்து நிலையம் வரை போகலாம் என்றானது. மலம் கழிப்பதற்கும் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே நேரத்தைப் பழக்கிவிட்டால், வகுப்பில் அவமானப்பட வேண்டியதில்லை.

தோல்

உணர்வில்லாத தோல் புகார் சொல்லாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும். வீல்சேரில் கால் மணி, அரை மணிக்கொரு தடவை எடையை இறக்க வேண்டும். கையை ஊன்றி எம்புவதைவிட, முன்னால் குனிந்து இரண்டு நிமிஷம் இருப்பது நல்லது. தோள் மூட்டும் தேயாது. இரவில் கண்ணாடி வைத்து இடுப்பு, குதிகால், வால் எலும்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் எடுத்த பிறகும் மங்காவிட்டால், மங்கும் வரை அதன்மேல் உட்காரக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியின் சீட், மடியில் வைக்கும் சாயா டம்ளர், குளிக்கும் வெந்நீர் மூன்றும் எங்களுக்கு நெருப்பு.

தலைவலி என்றால்

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. மூத்திரப்பை நிரம்பினாலோ மலம் கட்டினாலோ எங்காவது அழுத்தினாலோ, அந்த வலி தெரியாது. பதிலாக ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டை பிளக்கும், முகம் சிவந்து வேர்க்கும், மயிர்க்கூச்செறியும். ஆசிரியர்கள் காய்ச்சல் என்று படுக்க வைப்பார்கள். படுத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, முதலில் மூத்திரத்தை வடிக்க வேண்டும். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இதை ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையில் வையுங்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில்கூட இதைக் கண்டிராதவர்கள் உண்டு.

வெயிலும் அப்படித்தான். காயத்துக்குக் கீழே வேர்க்காது என்பதால் உடம்பு சூட்டை வெளியேற்றாது. திருவனந்தபுரத்தின் மார்ச், ஏப்ரல் புழுக்கத்தில் ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

பள்ளிக்கூடம்

ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை, படிப்பை விடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலக் கதவு உள்ள கழிப்பறை. தேர்வில் எழுதுபவரும், மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரமும். இவற்றைச் சலுகை மாதிரிக் கேட்க வேண்டியதில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியும், அரசு உயர்கல்வியில் ஐந்து சதவீத இடமும், அரசு வேலையில் நாலு சதவீதமும் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையை முதல் வருஷமே எடுத்துவிடுங்கள், அது நாடு முழுக்கச் செல்லும். ஆனால் உதவித்தொகைத் திட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வீடு தமிழ்நாட்டிலும் ஆஸ்பத்திரி கேரளத்திலும் இருக்கிற எங்களைப் போன்ற எல்லைக்காரர்கள், எந்தத் தாலுகா அலுவலகத்தில் ஏற வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

வீல்சேர் இடுப்பளவுக்குப் பொருந்த வேண்டும். ஆஸ்பத்திரி நாற்காலி தள்ளுபவருக்காகச் செய்தது, உட்காருபவருக்காக அல்ல. சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் அளவெடுத்துச் செய்யும் நியோஃப்ளை, அதன் முன்னால் மாட்டுகிற மோட்டார் வண்டி நியோபோல்ட் இரண்டையும் 2020-லிருந்து தருகிறது.

பந்து

கொஞ்ச நாள் மைதானத்துப் பக்கமே போகாமல் இருக்கத் தோன்றும். இருந்துகொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஆட்டக்காரனின் பழக்கம் உடம்பில் இருக்கிறது. சலிக்காமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கம் அது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை நான் கார்னர் பயிற்சி மாதிரித்தான் பழகினேன். கழுத்து அடிபட்டவர்களுக்கென்றே 1970-களில் கனடாவின் வின்னிபெக்கில் வீல்சேர் ரக்பியை உருவாக்கினார்கள், 2000-லிருந்து அது பாராலிம்பிக் பதக்க ஆட்டம். நான் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், மாலையில் சின்னப் பையன்களின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து யார் எங்கே நிற்கவில்லை என்று சொல்கிறேன்.

நம் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 1975-ல் கடற்படைத் தேர்வின் உடல் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்த ப்ரீத்தி சீனிவாசன், 1998-ல் புதுச்சேரிக் கடலில் கழுத்து அடிபட்டவர். தண்டுவடக் காயக்காரர்களுக்காக 2013-ல் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீயைத் தொடங்கினார்.

வீட்டார்

எல்லாச் சுமையும் அம்மையின் இடுப்பில்தான் விழும். தம்பியும் அப்பாவும் திருப்பிப் படுக்க வைக்க, தூக்க, கதீட்டர் கொதிக்கவைக்கக் கற்றுக்கொள்ளட்டும். கேரளத்தில் உள்ளாட்சிகளின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியாவும் எங்களைப் போன்றவர்களைக் கவனிக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பாலியேட்டிவ் என்றால் புற்றுநோய்க்காரர்களுக்குத்தான் என்று நினைத்து ஒதுங்காதீர்கள், போய்ப் பேரைப் பதியுங்கள்.

கடைசியாக ஒன்று. நாற்காலியில் பல வருஷம் இருந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, உங்கள் பையனைத் தனியாக அவரோடு விடுங்கள். நான் அப்படிப் போகும்போது ஆறுதல் சொல்வதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது என்று செய்து காட்டுகிறேன். அம்மா வெளியே போனதும் பையன்கள் கேட்பார்கள்: கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா, தனியாக ஊர் போகலாமா என்று. மூன்றுக்கும் நேரான பதில் உண்டு. அதைச் சொல்ல, அந்த வழியில் போய்வந்த ஒருவர் வேண்டும்.