நம் படங்களை நாமே கோர்ப்போம் – ஸ்லைடு ஷோ செய்யும் முறை



சென்ற மகாசபைக் கூட்டத்தில் திரையில் படம் ஓடியது நினைவிருக்கும். நூற்றுச் சொச்சம் படங்கள். குத்துவிளக்கு ஏற்றுவது, பொன்னாடை போர்த்துவது, மேடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பது. பாக்குமட்டைத் தட்டு போடும் குழுவிலிருந்து வந்த ஓர் அக்கா பின்வரிசையிலிருந்து சத்தமாகவே கேட்டார்: "இதுல நாங்க எங்கம்மா இருக்கோம்?" எங்களிடம் பதில் இல்லை. படங்களை மொத்தமாக ஸ்டுடியோவில் கொடுத்து, காசும் கொடுத்து, வாங்கி வந்து போட்டிருந்தோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்காதது எங்கள் தவறு.

இந்த ஆண்டு நாமே செய்வது என்று தீர்மானம் எழுதினோம். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் கணக்காளரும் இரண்டு குழுப் பிரதிநிதிகளும் நாங்களும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். படத்தைத் திருத்த கிம்ப், வரிசையாக ஓட்ட லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். இரண்டுமே இலவச மென்பொருள்கள்.

எதையும் தொடும் முன் ஒரு வேலை. எல்லாப் படங்களையும் காப்பி எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். காப்பியில் மட்டும் கை வையுங்கள். இதை நாங்கள் செய்யவில்லை. பழைய குழுப் படங்களை 640 புள்ளி அகலத்துக்குச் சிறிதாக்கி, 'ஓவர்ரைட்' கொடுத்துவிட்டோம். அப்படிக் கொடுத்தால் அசல் படத்தின் மேலேயே புதியது பதிவாகிவிடும் என்பது அப்போது தெரியாது. அந்தப் படம் ஒன்றில் இருந்த முன்னாள் பொருளாளர் இப்போது நம்மிடையே இல்லை. வீட்டில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று அவர் மகள் வந்து கேட்டார். பெரிதாக்கியபோது முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வேறு படமும் இல்லை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

ஆகவே கிம்ப்பில் வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, வேறு பெயரில் ஜேபெக் படமாகச் சேமியுங்கள். வெறும் 'சேவ்' கொடுத்தால் கிம்ப்புக்கு மட்டுமே உரிய வேறொரு வகைக் கோப்பாகப் பதிவாகும். அதை இம்ப்ரெஸில் போட முடியாது.

இனி படங்களைப் பொறுக்குவது. 30 போதும். ஒவ்வொன்றும் 8 விநாடி நின்றால் மொத்தம் 4 நிமிடம். அதற்கு மேல் போனால் சனம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். வேலை நடக்கிற முறைப்படி வரிசை வையுங்கள். பாக்குமட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவது, தேய்த்துக் கழுவுவது, சூடான அச்சில் வைத்து அழுத்துவது, கட்டிய தட்டுகளை வண்டியில் ஏற்றுவது. நான்கே படம். கடன் எதற்குப் போனது என்று வங்கி மேலாளருக்கும் புரியும். விருந்தினருக்கு ஒரு படம் வைத்தால் மரியாதை குறையாது.

படத்தில் தேவையில்லாத பகுதியை 'கிராப்' செய்து வெட்டலாம். அகலத் திரைக்கு 16:9 என்ற அளவு பொருந்தும். நெட்டையாக எடுத்த படத்தை இந்த அளவுக்கு இழுத்துப் பிடித்து வெட்டினால் தலை போய்விடும். அப்படியே விடுங்கள், இரண்டு பக்கமும் காலி இடம் வந்தால் வரட்டும். பிறகு 'ஸ்கேல் இமேஜ்' போய் அகலம் 1920 என்று கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் சங்கிலிக் குறி பூட்டியிருக்க வேண்டும். பிரிந்திருந்தால் ஆள் குட்டையாகவோ ஒல்லியாகவோ மாறிவிடுவார்!

இருட்டாக இருக்கும் படத்துக்கு 'பிரைட்னஸ்' கொஞ்சம் கூட்டலாம். முகத்தை வெளுப்பாக்கும் வேலை மட்டும் வேண்டாம். வெயிலில் நின்று உழைக்கிற நிறத்தை மாற்ற நமக்கு என்ன அவசியம்?

இன்னொன்று முக்கியம். பாஸ்புக், ஆதார் அட்டை, கடன் பதிவேடு ஆகியவற்றைக் கையில் பிடித்து நிற்கும் படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. திரையில் பெரிதாக விழும்போது எண் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தைத் தேர்வு செய்து ஒரே நிறத்தால் மூடுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். படத்தில் இருப்பவரிடம் "அக்கா, இதைப் போடலாமா?" என்று கேளுங்கள். ஓர் உறுப்பினர், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருந்தார். "என் படம் வேணாம்மா, ஊர்ல எல்லாரும் பார்ப்பாங்க" என்றார். எடுத்துவிட்டோம். காரணம் சொல்லாமல் மறுத்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

முடிந்த படங்களுக்கு 01, 02 என்று எண்ணோடு பெயர் வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் 10-ஆவது படம் 2-க்கு முன்னால் வந்து நிற்கக்கூடும். இம்ப்ரெஸில் 'இன்செர்ட்', 'மீடியா', 'ஃபோட்டோ ஆல்பம்' என்று போய்ப் படங்களைச் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக அமையும். 'ஸ்லைடு ட்ரான்சிஷன்' பகுதியில் 8 விநாடி கொடுத்து, எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும்படி செய்யுங்கள். எஃப்5 பொத்தானை அழுத்தினால் ஓடும். படம் சுழன்று வருவது, பறந்து வருவது எல்லாம் முதலில் ஆசையாக இருக்கும். பத்தாவது படத்தில் கண் வலிக்கும். பாட்டு போடலாமா என்று பிரதிநிதிகள் கேட்டார்கள். அந்தந்தக் குழுவிலிருந்து ஒருவர் மைக் பிடித்துச் சொன்னால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது படங்களைக் கொண்டு வாருங்கள். போனில் இருப்பதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பழைய ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் அங்கேயே எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருகிறோம்.