எந்த இடத்தில் விட்டோம்?

முதலாம் ஆண்டில் கால்குலஸ் பாடத்தில் நான் பெயில். "எஞ்சினியரிங் நமக்கு ஒத்துவராதுடா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு வாரம் வீட்டில் மறைத்தேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "எந்த இடத்துல விட்ட, அதைப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஐந்தாம் படிவத்தில் படித்த திரிகோணமிதியே ஆட்டம்! அதிலிருந்து தினமும் ஐந்து கணக்கு போட்டேன். மறுதேர்வில் தேறினேன்.

திருக்குறளில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. அடுத்ததே இடுக்கண் அழியாமை, துன்பத்தில் கலங்காமை. இரண்டும் ஏன் அடுத்தடுத்து இருக்கின்றன என்று இப்போது புரிகிறது. முயற்சி செய்கிறவனுக்கும் இடுக்கண் வரும்.

உங்களுக்கும் ஏதாவது கைவிட்டுப் போயிருக்கா? முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பிறகு, விட்ட இடத்தைத் தேடுங்கள்.