வானொலியின் கிளைவாய்க்கால்கள்

ஏரியிலிருந்து புறப்படும் தலைவாய்க்கால் ஒன்றே. எனினும், அதன் நீர் முழுதும் ஒருவருடைய வயலுக்கே பாய்வதில்லை. வழியில் மடைகள் அமைத்துக் கிளைவாய்க்கால்கள் வெட்டித் தொலைவிலுள்ள நிலங்களுக்கும் நீரைக் கொண்டு செல்வர் உழவர். வானொலி நிலையத்தார் தமக்கு அளிக்கப்பெற்ற ஒரே அலைவரிசையைப் பங்கிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் அனுப்பும் முறையும் இத்தகையதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறை வளர்ந்த வரலாற்றையும், அக்கிளைகளில் என்ன பாய்கிறது என்பதையும் இங்குக் காண்போம்.

இவ்வெண்ணம் புதியதன்று. பண்பலை ஒலிபரப்பைக் கண்டறிந்த எட்வின் ஆம்ஸ்டிராங் என்பார் 1934-ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டினார். நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியிலிருந்து, ஒரே அலையின்மீது இரண்டு வானொலி நிகழ்ச்சிகளையும், ஒரு செய்தித்தாளின் முகப்புப் பக்கத்தையும், தந்திச் செய்தியையும் அவர் சேர்த்து அனுப்பினார். 1955-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் செய்தித் தொடர்பு ஆணையம் பண்பலை நிலையங்கள் இத்தகைய துணை அலையைப் பயன்படுத்த இசைவு தந்தது. அதனை முதலில் விரும்பி ஏற்றவர் வணிகரே. கடைகளிலும் அலுவலகங்களிலும் மெல்ல ஒலிக்கும் பின்னணி இசை அவ்வழியே சென்றது. கேட்பதற்கு இனிய இசைதான். ஆனால், எவரும் உற்றுக் கேட்பதற்கென அமைந்ததன்று.

அக்கிளைக்கு உயர்ந்ததொரு பயன் பிறந்தது 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில். மின்னசோட்டா மாநிலத்தில் பார்வையற்றோர்க்கென வாசிப்பு வானொலி தொடங்கப்பெற்றது. பார்வையற்றோர்க்கு முன்னரும் புடைப்பெழுத்து நூல்கள் இருந்தன. பேசும் இசைத்தட்டுகளும் இருந்தன. ஆனால், அன்றைய செய்தித்தாளை அன்றே படிக்க வழியில்லை. நூலொன்று ஒலிவடிவம் பெற்று வந்து சேர்வதற்குள் அதனைப் பற்றிய பேச்சே ஊரில் ஓய்ந்துவிடும். வாசிப்பு வானொலியில் தொண்டர்கள் ஒலிவாங்கியின்முன் அமர்ந்து நாளிதழையும் வார இதழையும் புதிய நூல்களையும் உரக்கப் படித்தனர். இதனைக் கேட்பதற்கு ஏற்ற தனிக் கருவிகள் பார்வையற்றோர் இல்லங்களுக்கு வழங்கப்பெற்றன. ஏனைய மாநிலங்களிலும் இத்தகைய பணிகள் தோன்றின. கடைச் சரக்கின் விலை என்ன, நேற்று மறைந்தவர் யார் என்பன போன்ற சிறு செய்திகளையும் அங்குப் படிப்பதுண்டு. பார்வையுள்ளோர் நொடியில் கண்ணோட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் இச்செய்திகள், பிறரைக் கேட்டே அறியவேண்டியவருக்கு எத்துணை அரியவை!

இனி, எண்முறை வானொலிக்கு வருவோம். டிஜிட்டல் வானொலி என்று மக்கள் வழங்குவது இதுவே. இதில் பல முறைகள் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் பரவிய டி.ஏ.பி. முறை வேறு, நம் நாட்டு அகில இந்திய வானொலி மத்திய அலைக்கெனக் கைக்கொண்ட டி.ஆர்.எம். முறை வேறு. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் இசைவு பெற்றது எச்.டி. வானொலி எனப்படும் முறையாகும். அங்கே பண்பலை நிலையங்களுக்கு இடையே 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வகுத்திருக்கின்றனர். பழைய முறை ஒலி நடுவிலே இருக்க, அதன் இரு மருங்கிலும் மிகக் குறைந்த ஆற்றலுடன் எண்முறைக் குறிகள் செல்லும். ஆகவே, பழைய கருவி வைத்திருப்போரும் வழக்கம்போலவே கேட்கலாம். புதிய கருவி உடையோர் எண்முறை ஒலியையும் பெறலாம்.

அவ்வெண்முறைக் குறிகள் வினாடிக்கு ஏறத்தாழ 96 கிலோபிட் அளவுள்ள செய்தியைச் சுமக்கும். ஒலியை எண்களாக மாற்றும்போது, செவிக்குப் புலனாகாத நுண்பகுதிகளை நீக்கிச் சுருக்கிவிடுவதால் இவ்வளவே போதுமானதாகின்றது. இதனை முழுதும் ஒரே நிகழ்ச்சிக்குச் செலவிடலாம். அல்லது இரண்டாகவோ மூன்றாகவோ பகிரலாம். முதல் நிகழ்ச்சியே தலைமை, ஏனையவை கிளைகள். பகிரும்போது நிலையத்தார் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். மனிதக் குரல் ஒன்று தனித்துப் பேசுவதைத் தெளிவாகக் கொணரச் சிறு பங்கே போதும். பல கருவிகள் ஒருங்கே முழங்கும் இசைக்கோ மிகுதியான பங்கு வேண்டும். குறைத்தால் தாளங்களின் ஓசை கரகரத்து ஒலிக்கும். ஒரு கிளையில் இசையை வைப்பதா, உரையாடலை வைப்பதா என்னும் வினாவிற்கு விடை கூறுவது சுவை மட்டுமன்று, இந்தக் கணக்குமாகும்.

2005-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய வானொலி நிறுவனங்கள் பல ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஒரே நகரில் இருவர் ஒரே வகை நிகழ்ச்சியைக் கிளையில் ஒலிபரப்பாதவாறு தம்முள் பகிர்ந்துகொண்டன. தொடக்கத்தில் விளம்பரமும் விலக்கி வைத்தன. தலைமை வரிசையில் இடம்பெறாத ஜாஸ், பழைய நாட்டுப்புறப் பாடல், செவ்விசை, நகைச்சுவை முதலியவை கிளைகளில் புகுந்தன. பொதுநல நிலையங்கள் சில தலைமையில் செய்தியும் உரையாடலும் வைத்து, செவ்விசையைக் கிளைக்கு மாற்றின. வாசிப்புப் பணிக்கு இடம் அளித்த நிலையங்களும் உண்டு. ஆயினும், பல கிளைகளில் ஆளின்றிக் கணிப்பொறியே பாடல்களை அடுக்கி ஒலிக்கச் செய்தது. மடை திறந்துவிட்டுப் பயிரைப் பாராதிருப்பவர் செயலுக்கு இது நிகர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இக்கிளைகளுக்கு இயற்கையாகவே ஒரு குறை உண்டு. எண்முறைக் குறி வலுவிழந்தால் தலைமை நிகழ்ச்சி தானாகவே பழைய முறைக்கு மாறிக்கொள்ளும். கேட்பவர் அதனை உணரவும் மாட்டார். கிளை நிகழ்ச்சிக்கோ அத்தகைய துணை இல்லை. குறி மறைந்தவுடன் முழு அமைதிதான். இதனாலும் பிறவற்றாலும் எண்முறைப் பகுதியின் ஆற்றலை உயர்த்த 2010-ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது. முன்பு பழைய முறை ஆற்றலில் நூற்றில் ஒரு பங்காக இருந்ததைப் பத்துப் பங்கு வரை உயர்த்தலாயினர். புதிய கருவி வாங்கியோர் சிலரே ஆதலின், நிலையத்தார் பலர் வேறொரு வழியும் கண்டனர். கிளை நிகழ்ச்சியை 250 வாட்டுக்கு மேற்படாத சிறு பண்பலைக் கருவிகளின் வழியே மீண்டும் பழைய முறையிலேயே ஒலிபரப்பினர். புதுமைக்கெனப் பிறந்தது பழமையின் தோளேறி ஊர்வலம் வந்தது!

வாஷிங்டன் நகரத்து டபிள்யூ.ஏ.எம்.யூ. என்னும் பல்கலைக்கழக நிலையத்தின் வரலாறு இங்குக் குறிப்பிடத்தக்கது. புளூகிராஸ் என்பது பான்ஜோ, மாண்டலின், வயலின், கித்தார் ஆகிய நரம்புக் கருவிகளோடு பாடும் இசை. கெண்டக்கி மாநிலத்துப் பில் மன்ரோ என்பாரின் குழுப்பெயரால் அமைந்தது அதன் பெயர். அப்பலேச்சிய மலைப்பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடித் தலைநகர்ப் பகுதியில் குடியேறியோர்க்கு இவ்விசை சொந்த ஊரின் குரலாக விளங்கிற்று. 1967-ஆம் ஆண்டு முதல் அந்நிலையம் இதனை ஒலிபரப்பி வந்தது. காலப்போக்கில் செய்தியும் உரையாடலும் அதன் தலைமை வரிசையில் மேலோங்கின. புளூகிராஸ் படிப்படியாகச் சுருங்கி எண்முறைக் கிளைக்குச் சென்று தங்கியது. 2016-ஆம் ஆண்டில், அக்கிளையை வேறு எவரும் ஏற்று நடத்த முன்வராவிடில் நிறுத்திவிடுவதாக நிலையத்தார் அறிவித்தனர்.

அப்போது அவ்விசையில் பற்றுடையோர் ஓர் அறக்கட்டளையை அமைத்தனர். கேட்பவர் அளிக்கும் நன்கொடையை நம்பி, 2017-ஆம் ஆண்டில் அக்கிளையின் பொறுப்பைத் தாமே ஏற்றனர். மலைநாட்டு இசை அதே அலைவரிசையின் ஓரத்தில் தொடர்ந்து ஒலித்தது.