போன் திரையில் வரும் பொய் எச்சரிக்கை



இன்று லயத்துக் காம்பராக்கள் பலவற்றில் ஒரு டச் போன் இருக்கிறது. பிள்ளைகளின் பாடம் அதில்தான் வருகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவின் முகம் தெரிவதும் அதில்தான். ஆகவே போன் கெட்டுப்போச்சு என்றால் வீடே கலங்கிவிடும். இந்தக் கலக்கத்தை வைத்துக் காசு பார்க்கும் கூட்டமொன்று உண்டு.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாதாரண தரம் படிக்கும் மகள் கடந்தகால வினாத்தாள் தேடிக்கொண்டிருந்தாள். எங்கேயோ விரல் பட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகி, "உங்கள் போனில் 13 வைரஸ், இரண்டு நிமிடத்தில் எல்லாம் அழியும்" என்று வந்தது. மேலே கூகுளின் அடையாளம் வேறு. போன் அதிர்ந்தது. பின்னுக்குப் போகும் பட்டனை அமத்தினாலும் அதே பக்கம். ஏச்சு விழுமே என்று பயந்த புள்ள, போனை அணைத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டது. மூன்றாம் நாள் தகப்பன் அதை டவுன் கடையொன்றுக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார். ரெண்டு நாள் பேர்க் காசு போச்சு. செத்துப்போன அப்பாயியின் படங்களும் அதோடு போச்சு.

அந்தப் பக்கத்தை மூடியிருந்தாலே போதும்.

இப்படி வரும் பக்கம் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று நோட்டீசுக்குத் தெரியுமா? குரோமில் திறக்கும் பக்கத்தால் போனுக்குள் புகுந்து வைரஸ் தேட முடியாது. கூகுளின் படத்தை யாரும் எடுத்து ஒட்டலாம். விரல் பட்டதும் போனை அதிரச் செய்யவும் வெப் பக்கத்தால் முடியும். பின்னுக்குப் போக முடியாததற்குக் காரணம், அதே பக்கத்தை அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதுதான்.

ஆகவே அந்தப் பக்கத்துக்குள் எதையும் தொடாதீர்கள். "கிளீன்" வேண்டாம், "ஓகே" வேண்டாம், அங்கே காட்டும் பெருக்கல் குறியும் வேண்டாம். அதுவும் பொய்யாக இருக்கலாம். வெளியிலிருந்து மூட வேண்டும். முதலில் டேட்டாவை நிறுத்துங்கள். குரோமின் மேல்பக்கத்தில் இலக்கம் போட்ட சிறிய சதுரம் இருக்கும். அதைத் தொட்டு, அந்தப் பக்கத்தை ஒதுக்கித் தள்ளுங்கள். அசையவில்லையா? போனின் செட்டிங்சில் ஆப்ஸ் என்பதற்குள் குரோமைத் தேடி "போர்ஸ் ஸ்டொப்" கொடுங்கள். திரும்பத் திறந்ததும் மறக்காமல் அந்தச் சதுரத்துக்குப் போய்ப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். இதனால் படங்களோ நம்பர்களோ அழியாது.

பக்கத்தை மூடிய பிறகும் சிலருக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அமத்துங்கள்" என்று கேட்டபோது அமத்தியிருப்பீர்கள். குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற இடங்களின் பெயர்கள் தெரியும். தெரியாத பெயரை புளொக் செய்யுங்கள்.

அந்தப் பக்கம் சொன்ன ஆப் எதையாவது போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வங்கி அட்டை இலக்கமோ, குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கமோ கொடுத்திருந்தால் விஷயம் வேறு. விடியும்வரை பார்க்காமல் அப்போதே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். ரீலோட் காசு காரணமில்லாமல் குறைந்தால், ஏதாவது சேவையில் சேர்ந்திருக்கிறதா என்று போன் கம்பனியிடம் கேட்டு நிறுத்தலாம்.

கம்ப்யூட்டரிலும் இதே கூத்து நடக்கும். அங்கே சத்தம் போட்டு, மைக்ரோசொப்ட் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணையும் காட்டும். மைக்ரோசொப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. கொன்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்தி, வரும் பட்டியலில் பிரவுசரைத் தெரிந்து நிறுத்துங்கள்.

ஆலோசனை வேண்டுமானால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இருக்கிறது. கடைக்கே கொண்டுபோக வேண்டி வந்தால், முதலில் படங்களை வேறிடத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; கேட்காமல் ரீசெட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். புள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள். என்ன நடந்தது என்று அதுக்குத்தான் தெரியும். ஏசினால் வாய் திறக்காது.