சிவாலிக் குன்றுகளும் இமயமலையும்



அடிவாரக் குன்றுகளை உயரம் குறைந்த மலைகள் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் எத்தனை மீட்டருக்கு மேல் உயர்ந்தால் குன்று மலையாகும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லாததால், அவை எதனால் ஆனவை, எப்படி எழுந்தவை என்று கேட்பதே பயன் தரும். இமயமலையும் அதன் தென்விளிம்பில் நீளும் சிவாலிக் குன்றுகளும் இதற்குச் சிறந்த சான்று.

இந்திய நிலத்தட்டு, அதாவது இந்தியாவைத் தாங்கி மெல்ல நகரும் புவியோட்டின் பாளம், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியபோது, இடையில் இருந்த டெத்திஸ் கடலின் படிவுகள் மடிந்து மேலெழுந்தன. 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சியில் கடல் உயிர்களின் எச்சங்கள் பதிந்த சுண்ணாம்புக்கல் இருப்பது அதனால்தான்.

மலை உயர உயர மழையும் பனியாறுகளும் அதை அரித்தன. அந்த மண்ணையும் மணலையும் ஆறுகள் சுமந்து வந்து அடிவாரத்தில் பல ஆயிரம் மீட்டர் தடிமனுக்குக் கொட்டின. பின்னர் அதே நிலத்தட்டின் தள்ளுதலால் அப்படிவுகளும் மடிந்து, பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு உட்பட்ட குன்றுகளாயின. மலை கடலடியிலிருந்து எழுந்தது என்றால், குன்று அந்த மலையின் தேய்மானத்திலிருந்து எழுந்தது. வேறுபாட்டின் உயிர்நிலை இதுவே. சிவாலிக்கின் மேலடுக்குப் பாறையை அருகில் நோக்கினால், ஆற்றில் உருண்டு முனை மழுங்கிய கூழாங்கற்கள் மணலில் புதைந்திருப்பதும், பல இடங்களில் அவை கையால் பெயர்த்தெடுக்கும் அளவுக்குத் தளர்ந்திருப்பதும் தெரியும். இங்குக் கிடைக்கும் எலும்புகளுள் பெரும்பாலானவை நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்த விலங்குகளுடையவை. அவற்றுள் ஒன்றான, ஒட்டகச்சிவிங்கியின் பேருருவ உறவான சிவாதீரியத்தை 1836ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஃபால்கனர், காட்லி ஆகிய இருவருக்கும் லண்டன் புவியியல் சங்கம் அடுத்த ஆண்டே வோலஸ்டன் பதக்கம் வழங்கியது.

இறுகாத இப்பாறையின் மீதுள்ள காடு அழிந்தால் மண் நிற்பதில்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூர்ப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் மரம் வெட்டலும் மேய்ச்சலும் மிகுந்தபோது, மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ‘சோ’ எனப்படும் காட்டாறுகள் விளைநிலங்களை மணலால் மூடின. அதைத் தடுக்கவே 1900ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குன்றுதானே என்று அதை வெட்டிச் சமன்படுத்த முனைவோர் இன்றும் உள்ளதால், உயர்ந்த சிகரங்களுக்குக் காட்டும் அக்கறையை இளையோர் இக்குன்றுகளுக்கும் காட்ட வேண்டும்.