கருவி மாற்றமும் எழுத்துக் காப்பும்

1. தோற்றுவாய்

மக்கள் கையாளும் கருவிகள் யாவும் தேய்வுடையன. கொழு தேய்ந்தால் உழவர் கொல்லரிடம் புதியது அடிப்பித்துக் கொள்வர். ஓலை சிதைந்தால் அறிஞர் புத்தோலையிற் படியெடுத்துக் கொள்வர். இவ்விரண்டற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொழுவை மாற்றியவர் பழைய கொழுவை மறந்துவிடலாம்; ஓலையை மாற்றியவரோ அதிலிருந்த எழுத்தை மறத்தல் ஆகாது. கணினி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்த கருவியாகும். இவ்வுண்மையை யாம் எம் அனுபவத்தாற் கற்றோம். அதனையே பாடமாக வைத்து, பழைய மடிக்கணினியை விடுத்துப் புதியதோர் மேசைக்கணினியை மேற்கொள்ளுங்கால் தமிழ் மாணவர் அறியத்தக்கன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

காரைக்கால் மாவட்டத்து விழிதியூரிலுள்ள எம் இல்லத்தில், 2012ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருந்தது. காலஞ்சென்ற எம் பாட்டனார், தவக்காலத்தில் ஊரார் கூடிப் பாடிவந்த புலம்பற் பாட்டுக்களை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு, ஏறத்தாழ அறுபது பக்க அளவிற்கு அதிலே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். அவற்றிற்குக் கையெழுத்துப் படி வேறு இல்லை. அக்கருவியின் கீல் முறிந்து, மின்கலம் ஓய்ந்து, அது விழித்தெழக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆகவே, திரையும் ஏனை உறுப்புக்களும் ஒரே உடலாய் அமைந்த ‘ஆல்-இன்-ஒன்’ மேசைக்கணினி ஒன்றை வாங்கினோம். பழைய கோப்புக்களை அதனுட் பெயர்த்துத் திறந்தபொழுது தமிழைக் காணோம். பொருளற்ற உரோம எழுத்துக்களே வரிவரியாய் நின்றன. பாட்டனாரின் உழைப்பு முழுதும் ஒரு நொடியில் ஊமையாயிற்று.

2. இருவகைக் கணினியின் இயல்பு

முதற்கண், இம்மாற்றம் எதனால் வேண்டப்படுகின்றது என்பதைக் காண்போம். பழைய கருவி மெதுவாக இயங்குவது மட்டும் காரணமன்று. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 இயங்குதளமோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டி நிற்பது. பத்தாண்டு கடந்த மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வுறுப்பு இல்லை. ஆதலின், கருவி நல்ல நிலையில் இருப்பினும் அதனை மாற்ற நேர்கின்றது.

ஒருடற் கணினி புதுவதாகத் தோன்றியதன்று. ஆப்பிள் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஐமேக், இவ்வடிவை உலகெங்கும் பரவச் செய்தது. இதன் நன்மைகள் தெளிவானவை. கம்பிகள் குறைவு, மேசையில் இடம் மிகுதி, திரை பெரிது. பெரிய திரையில் இரு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்புநோக்கலாம். பதிப்பும் பிழைதிருத்தமும் பயில்வார்க்கு இஃதொன்றே பெரும் பயன். திரை கண்ணிற்கு நேராய் நிற்றலின், மடிக்கணினியிற் குனிந்து எழுதியதால் வந்த கழுத்துநோவும் குறைகின்றது.

குறைகளும் உள. திரை பழுதுற்றால் கணினி முழுதும் பணிமனைக்குச் செல்லவேண்டும். பல ஒருடற் கணினிகளில் உறுப்புக்களைப் பின்னர்ப் பெருக்குதல் அரிது. ஆகலின், நினைவகம் முதலியவற்றை வாங்கும்பொழுதே போதிய அளவிற் கொள்ளுதல் நன்று. எல்லாவற்றினும் மேலாக, மடிக்கணினியில் மின்கலம் உண்டு. மேசைக்கணினியில் அஃது இல்லை. மின்சாரம் அற்ற நொடியிலேயே, சேமிக்காத எழுத்து மறைந்துபோம். எம் கடற்கரைப் பகுதியில் இஃது எளிதாகக் கருதத்தக்கதன்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்தபின், டெல்டாவின் ஊர்கள் பல நாட்கணக்கில் இருளில் இருந்தன. யூ.பி.எஸ். என்னும் மின்காப்புப் பெட்டி அத்தனை நாட்கள் உதவாது. எனினும் எழுத்தைச் சேமித்துக் கணினியை முறைப்படி நிறுத்துதற்கு வேண்டிய சில நிமிடங்களை அது தரும். ஒருடற் கணினி வாங்குவோர் இதன் விலையையும் சேர்த்தே கணக்கிடுக.

3. தமிழ் மறைந்த காரணம்

இனி, எம் கோப்புக்களிற் தமிழ் மறைந்தது ஏன் என்பதை நோக்குவோம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. தொடக்கத்தில் அவ்வெண்கள் ஆங்கில எழுத்துக்களுக்கே வகுக்கப்பட்டன. ஆகவே, தமிழ் எழுத்துரு செய்தோர் ஒரு சூழ்ச்சி கண்டனர். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்து, அதற்குரிய உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டனர். பாட்டனார் பயன்படுத்திய பாமினி எழுத்துரு இவ்வகையினது. அதில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியுட் புகுவன 109, 107, 59, 107, 104 என்னும் எண்கள். இவை முறையே ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவற்றின் எண்களே. பாமினி என்னும் ஆடையைக் களைந்தால் உள்ளே நிற்பது உரோம எழுத்து. எம் புதிய கணினியில் அவ்வாடை இல்லை; ஆகவே உள்ளது வெளிப்பட்டது.

பாமினியைப் புதிய கணினியிலும் நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். ஆயினும் அது கண்ணிற்கு மட்டுமே தமிழ். ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. அகர வரிசை செய்ய இயலாது. கைப்பேசிக்கு அனுப்பினால் மறுபடியும் ஊமையாகும்.

இக்குறையை நீக்க எழுந்ததே ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டன. ‘அம்மா’ என்பது இங்கு 2949, 2990, 3021, 2990, 3006 ஆகும். இவ்வெண்கள் வேறெம்மொழிக்கும் உரியவல்ல; ஆகலின் எந்நாட்டுக் கணினியிலும் இவை தமிழாகவே நிற்கும். எனினும் இது தமிழ்நாட்டில் விரைவிற் பரவவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் ஏற்கப்பட்டன. 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின்னும் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பழைய எழுத்துருக்களை விட்டில. எம் பாட்டனார் 2012இலும் பாமினியையே கையாண்டது இதனாற் போலும்.

4. முன்னோர் கண்ட இடர்

கருவி மாறுங்கால் எழுத்து இடருறுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9ஆம் நாள் வந்திறங்கினார். ஜெர்மனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தமையால் காகிதம் வீணாயிற்று. ஆகவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முற்றுப்பெற்று வெளிவந்தது. அச்சுப்பொறி வந்ததனால் மட்டும் நூல் வந்துவிடவில்லை. பொறிக்கும் தமிழுக்கும் இடையே நின்று இணக்கம் செய்தோரால் வந்தது.

ஏட்டிலிருந்து அச்சிற்குப் பெயர்த்தோரும் இவ்வாறே உழைத்தனர். ஓலையிற் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தோன்றா. காலும் ரகரமும் ஒன்றே போலிருக்கும். ஏட்டில் ஒரே வடிவாய் நிற்பதைக் ‘கொடு’ என்று கொள்வதா, ‘கோடு’ என்று கொள்வதா என்பதைப் படிப்போரே பொருள்நோக்கித் துணிதல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதற்கு முன், பல ஏடுகளை ஒப்புநோக்கி ஒவ்வோர் எழுத்தையும் இவ்வாறு துணிய வேண்டியிருந்தது.

நம் காலத்தில் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்றது. உலகெங்குமுள்ள அன்பர்கள் தமிழ் நூல்களைத் தாமே தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினர். முன்பு ஏற்றியவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கும் பெயர்த்தனர்.

5. பெயர்க்குங்கால் நேரும் ஐயங்கள்

பாமினியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்க்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. யாமும் ஒன்றைக் கையாண்டோம். அறுபது பக்கமும் சில நொடிகளில் தமிழாயின. மகிழ்ந்து படித்தபொழுதே பிழைகள் தோன்றின. அவற்றின் காரணம் தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பதாகும்.

பழைய எழுத்துரு கண்ணிற்குத் தோன்றும் வரிசையில் எழுதுவது. ‘கொ’ என்பதில் முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் என மூன்று எண்கள். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் எழுதுவது: முதலில் ககரம், பின்னர் ஒகரக் குறி, ஆக இரண்டே எண்கள். இவ்வரிசை மாற்றத்தை மென்பொருள் எளிதிற் செய்துவிடும். இடர் ஔகாரத்தில் உள்ளது. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஓருருவாக இருப்பதால், பாமினியில் இரண்டிற்கும் ஒரே எண். ‘வௌவால்’ என்பதன் முதலெழுத்தும், ‘வெள்ளம்’ என்பதன் முதலிரண்டு உருக்களும் அதில் வேறுபடா. அதனால் மென்பொருள் ‘வெளி’ என்பதை ‘வௌி’ என்றும், ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்றும் ஆக்கிவிட்டது. கண்ணிற்கு இவை ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கோ வேறு. ‘வெள்ளம்’ எனத் தேடுவார்க்கு அச்சொல் என்றும் அகப்படாது. ஔகாரத்தின்மேல் இகரமோ புள்ளியோ வருதல் தமிழில் இல்லை என்பது முதல் வகுப்புச் சிறுவனும் அறிவான். மென்பொருள் அதனை அறிந்திலது.

பெரிய திரையின் ஒருபுறம் பழைய படிவத்தையும் மறுபுறம் புதியதையும் வைத்து, இரு வாரம் அமர்ந்து திருத்தினோம். ஓரிடம் மட்டும் எமக்கு அடங்கவில்லை. பாட்டனார் தட்டச்சுச் செய்கையில் ஓரெழுத்து விடுபட்டு, ‘கண்ணின்’ என்பதன்பின் ‘ளி’ என்பது தனியே நின்றது. யாம் அதனை ‘ஒளி’ என்று துணிந்து நிரப்பினோம். இலக்கணமும் இடம் தந்தது. மாலையில் அப்பகுதியைப் பாட்டியாரிடம் படித்துக் காட்டினோம். அவர் எம்மை நிறுத்தி, மெல்லப் பாடத் தொடங்கினார். அவர் பாடிய சொல் ‘துளி’. சிலுவையடியில் நின்ற அன்னையின் கண்ணீரைப் பாடும் அடி அது. ஒளி என்று நாங்கள் அச்சிட்டுப் பரப்பியிருந்தால், ஊரார் அழுத அழுகையே அப்பாட்டிலிருந்து மறைந்திருக்கும்.

6. செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றினின்று மாணவர் கொள்ளவேண்டியவற்றைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, பழைய மடிக்கணினி இயங்கும்பொழுதே அதனுள் உள்ளவற்றை எண்ணிப் பட்டியலிடுக. அது முற்றும் அடங்கியபின் மீட்பது அரிது, செலவும் மிகும்.

இரண்டாவது, கோப்புக்களோடு அவற்றின் எழுத்துருவையும் எடுத்து வைக்க. பழைய தோற்றத்தை ஒரு பி.டி.எஃப். படியாகவும் ஆக்குக. பின்னர் எழும் ஐயங்களுக்கு அதுவே மூலவோலை.

மூன்றாவது, ஒருங்குறிக்குப் பெயர்த்தபின் மூலத்தை அழிக்கற்க. மென்பொருளின் வேலையை மனிதக் கண்ணாற் சரிபார்க்க.

நான்காவது, மூன்று படிகள் வைக்க; அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்க. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரையார்க்கு இதன் காரணம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐந்தாவது, பழைய கருவியைப் பிறர்க்குக் கொடுக்குமுன் அதன் சேமிப்பகத்தை முறைப்படி துடைத்துக் கொடுக்க. குப்பையில் எறியாது, மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பிக்க.

7. முடிவுரை

புதிய கருவி நன்று. அதனை யாம் பழித்தோமல்லோம். இக்கட்டுரையும் அதில் எழுதப்பெற்றதே. ஆயினும் எண்ணைப் பெயர்ப்பது பொறியின் தொழில். எழுத்தைப் பெயர்ப்பது மொழியறிந்தோர் தொழில். நம் ஊர்களில், ஆலயப் பதிவுகளும் நாடகப் படிகளும் முன்னோர் பாட்டுக்களும் பழைய எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தட்டச்சுச் செய்தோரும் பாடக் கேட்டோரும் முதுமையடைந்து வருகின்றனர். தமிழ் பயிலும் நண்பர்காள், இவ்விடுமுறையில் நும் இல்லத்துப் பழைய கணினியை ஒருமுறை திறந்து பார்மின். அருகே முதியோர் ஒருவரையும் அமர்த்திக்கொண்மின். இறைவன் நம் உழைப்பிற்குத் துணைபுரிவானாக.