திரும்பி வந்த பின்: மனமும் உறவும் அன்றாடச் சுமையும்

2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது கண்டி. மலைச்சரிவுகளில் மண் இறங்கி வீடுகளை மூடியது. கம்பளையில் மகாவலி ஊருக்குள் புகுந்தது. பாடசாலைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் தங்கியிருந்த குடும்பங்கள் பின்னர் பழைய வீட்டுக்கோ, உறவினர் வீட்டுக்கோ, வாடகை அறைக்கோ, புதிய காணிக்கோ போய்ச் சேர வேண்டியதாயிற்று. நீங்களும் அப்படித் திரும்பிய ஒரு குடும்பமாக இருக்கலாம்.

இக்கைநூலின் ஏனைய பாடங்கள் காணி, வீடு, ஆவணம், கொடுப்பனவு ஆகியவை பற்றியவை. இந்தப் பாடம் அவற்றையெல்லாம் சுமந்து நடக்க வேண்டிய உங்களைப் பற்றியது. "மனசு கிடக்கட்டும், முதல்ல கூரையைப் பார்ப்போம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் இரவில் தூங்காதவர் பகலில் படிவம் நிரப்பினால் பிழை விடுவார். அயலவருடன் கோபித்துக்கொண்டவருக்குக் கூரைத் தகட்டைப் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்காது. மனதின் காரியமும் வீட்டின் காரியமும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை.

எது ஆளைத் தளர்த்துகிறது?

ஒரே சரிவில், ஒரே இரவில் வீடிழந்த இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு குடும்பம் ஓரளவு எழுந்து நிற்கிறது. மற்றக் குடும்பத்தில் தகப்பனார் குடிக்கத் தொடங்கிவிட்டார், மகன் பாடசாலைக்குப் போவதில்லை. "முதல் குடும்பத்துக்கு மனத்தைரியம் கூட" என்று ஊர் சொல்லும். கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். முதல் குடும்பத்தின் பிள்ளைகளை கட்டுகஸ்தோட்டையில் உள்ள பெரியம்மா மூன்று மாதம் வைத்துக்கொண்டார். அவர்களது பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது. வேலைத்தலத்துக்குப் போகும் பஸ் ஓடியது. இரண்டாவது குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அவர்களிடம் தைரியம் குறைவு என்று சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இது ஊகம் மட்டும் அல்ல. சுனாமியாலும் போராலும் பாதிக்கப்பட்ட இலங்கை இளையோரைப் பற்றி காயத்திரி பெர்னாண்டோ, கென்னத் மில்லர், டேல் பேர்கர் ஆகியோர் நடத்திய ஆய்வு 2010 இல் வெளிவந்தது. பேரிடரில் கண்டவற்றை மட்டும் வைத்து அப்பிள்ளைகளின் மனநிலையை விளக்க முடியவில்லை. வறுமை, வீட்டுச் சண்டை, பாதுகாப்பின்மை போன்ற அன்றாடச் சுமைகள் அதில் பெரும்பங்கு வகித்தன. நடந்தது சிறியது என்று இதற்குப் பொருள் இல்லை. நடந்ததை மாற்ற எவராலும் முடியாது. அதற்குப் பின் தினமும் வந்து விழும் சுமைகளில் சிலவற்றையாவது குறைக்க முடியும். இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவதும் அதுவே.

மழைச் சத்தம்

திரும்பி வந்தவர்களிடம் அதிகமாகக் கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருகிறார்கள், பெரியவர்கள் விடியும்வரை சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. ஆபத்தைக் கண்ட உடல், அதன் அடையாளத்தை மறக்காமல் வைத்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இது தணியும்.

இந்தப் பயத்தை "பயப்படாதே" என்ற சொல் தணிப்பதில்லை. எப்போது பயப்பட வேண்டும், எப்போது தேவையில்லை என்று தெரிந்திருப்பது தணிக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என்பவை அந்நிறுவனம் மழைக்கு வைத்திருக்கும் அளவுகள். அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு டின்னை வெளியில், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். அடிமட்டத்தால் அளந்தால் உங்கள் முற்றத்தின் மழை எத்தனை மில்லிமீற்றர் என்று உங்களுக்கே தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். மழையைப் பார்த்து நடுங்கிய பிள்ளை மழையை அளக்கத் தொடங்கினால் அதன் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஆனால் டின்னை மட்டும் நம்ப வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி ஓடும் நீர், ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நிற்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அளவைப் பாராமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. யார் பாட்டியைத் தூக்குவது, அடையாள அட்டைகளும் மருந்துகளும் எந்தப் பையில் இருக்கும், எந்தப் பாதையால் யாருடைய வீட்டுக்குப் போவது என்பதை வெயில் நாளில் எல்லோருமாக உட்கார்ந்து பேசி, ஒரு தடவை நடந்தும் பாருங்கள். போக ஓர் இடம் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலருக்குத் தூக்கம் வரும்.

உங்கள் காணி ஆபத்தானது என்று அந்நிறுவனம் அறிக்கை தந்திருந்தால், திரும்புவதா இல்லையா என்பதே உங்கள் பெருஞ்சுமையாக இருக்கும். தாத்தா பாட்டி புதைந்த மண்ணை விட்டுப் போக மனம் வராது. அதைப் புரியாதவர்களே "உயிர் பெரிசா, காணி பெரிசா" என்று அதட்டுவார்கள். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. நீர்மட்டம் இறங்கும் காலங்களில் அதன் எச்சங்கள் வெளியே தெரியும். இன்றும் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஊர் மீதான பாசத்தை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆபத்தான சரிவில் தூங்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. பகலில் போய் தோட்டத்தைப் பாருங்கள், சாமிக்கு விளக்கு வையுங்கள், இரவுக்குத் திரும்பி வாருங்கள்.

அயலவர்

1995 ஜனவரி 17 இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. தற்காலிக வீடுகளை முதியோருக்கும் இயலாதோருக்கும் முன்னுரிமை கொடுத்து, சீட்டுக் குலுக்கி வழங்கினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறினார்கள். கதவைத் தட்ட ஆளில்லாமல் தனியே இறந்து, நாட்கள் கழித்துக் கண்டெடுக்கப்பட்ட முதியோரின் கதைகள் அந்த வீடுகளிலிருந்து வந்தன. 2004 இல் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, ஊரை ஊராகவே சேர்த்துக் குடியமர்த்த முயன்றார்கள்.

உங்களுக்குப் புதிய காணி தரும்போது பழைய லயத்து, பழைய தெருவுக் குடும்பங்களுடன் அடுத்தடுத்து இருக்க விரும்பினால், பட்டியல் முடிவாகும் முன்பே எல்லோரும் கையொப்பமிட்டு ஒரு கடிதம் எழுதி பிரதேச செயலகத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். தனித்தனியே போய்க் கேட்பதைவிட இதற்குப் பாரம் கூட.

ஒற்றுமைக்கு மறுபக்கமும் உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. டானியல் ஆல்ட்ரிச் என்ற ஆய்வாளர் 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களை ஆராய்ந்தார். பலமான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைவாகவும் கூடுதலாகவும் வந்தது. அதே பஞ்சாயத்துகளுக்கு வெளியே நின்ற தலித் மக்களும் விதவைகளும் பட்டியலில் விடுபட்டார்கள். ஊரைத் தூக்கி நிறுத்திய அதே கட்டுக்கோப்பு சிலரை வெளியே தள்ளியது. நம் பகுதியில் அப்படி விடுபடக்கூடியவர் யார்? தோட்டத்தில் பெயர்ப் பதிவு இல்லாமல் லயத்தில் இருக்கும் குடும்பம், வாடகைக்கு இருந்தவர், கணவர் விட்டுப் போன பெண், கொழும்பில் வேலை செய்து விடுமுறைக்கு மட்டும் வருபவரின் வயதான தாய். மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, மாதர் சங்கம் ஆகியவை கூடும்போது "யார் பெயர் விடுபட்டிருக்கிறது?" என்ற கேள்வியை முதலாவதாக எடுங்கள்.

கண்டியைச் சுற்றி சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஒரே பாதையில் இருக்கின்றன. மண் இறங்கும்போது வீட்டுக்காரர் யாரென்று பார்த்து இறங்குவதில்லை. உதவி பங்கிடும்போதுதான் "அவங்களுக்கு ரெண்டு மூட்டையாம்" என்ற பேச்சு கிளம்பும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது, வெறுப்புப் பதிவுகளும் வதந்திகளும் பரவுவதைத் தடுக்க அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்க வேண்டி வந்தது. கையிலுள்ள தொலைபேசியில் வரும் செய்தியை முன்னே தள்ளிவிடும் முன் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். பட்டியல் எப்படித் தயாரானது என்று எழுத்தில் கேட்க, 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு இடமளிக்கிறது. தமிழ் அரசகரும மொழி. விளங்காத சிங்களப் படிவத்தில் வெட்கத்துக்காகக் கையொப்பமிடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வரிசையில் அவமானப்பட்டுத் திரும்பும் நாள் ஒருவரை எவ்வளவு உடைக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முடிந்தால் இருவராகப் போங்கள்.

துக்கமும் பிள்ளைகளும்

உடல் கிடைக்காத மரணம் தனியொரு வேதனை. கருமாதி செய்வதா, செய்தால் நம்பிக்கையை விட்டதாகிவிடுமா என்று குடும்பத்துக்குள்ளேயே பிளவு வரும். அவசரப்படுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். படம் வைத்து ஊர் கூடிச் செய்யும் சடங்கு பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. நடந்ததைச் சொல்லச் சொல்லி எவரையும், தொண்டர்கள் கேட்டாலும்கூட, வற்புறுத்தக் கூடாது. பேச விரும்பும்போது கேட்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

பிள்ளைகளிடம் "அப்பா வெளிநாடு போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். உண்மை எப்படியும் வகுப்பில் வேறொரு பிள்ளையின் வாயால் வந்துவிடும். அதன்பின் உங்களையும் நம்பாது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தாயின் சேலையை விடாமல் பிடிப்பது, காரணமில்லாமல் அடம் பிடிப்பது ஆகியவை இக்காலத்தில் வழமையானவை. அடித்துத் திருத்த முடியாது. பிள்ளையை விரைவில் தேற்றுவது வழக்கமான நாள்தான்: அதே நேரத்துக்கு எழும்புதல், பாடசாலை, விளையாட்டு, இரவுச் சாப்பாடு. இந்த வருடம் புலமைப்பரிசில் அல்லது சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால், புத்தகங்கள் போன விடயத்தை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். குறைந்த புள்ளியைச் சோம்பல் என்று எண்ணும் முன் அவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தூக்கமின்மை, கோபம், அழுகை ஆகியவை முதல் வாரங்களில் எவருக்கும் வரும். வாரக்கணக்கில் தணியாமல் வேலைக்கோ சமையலுக்கோ எழும்ப முடியாமல் போனால், குடி கூடிக்கொண்டே போனால், வீட்டில் அடிதடி தொடங்கினால், "நானும் அந்த மண்ணோட போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதை வெறும் பேச்சென்று விடாதீர்கள். சாக எண்ணமிருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவரிடமும் சொல்லலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முதல் நாள் துணைக்கு ஒருவர் போனால், இரண்டாவது நாள் அவர் தனியாகவே போவார்.